முப்பிடாதியம்மாள் திருந்திய விதம்

முப்பிடாதியம்மாள் குற்றவாளி இல்லை என்பது குற்றாலத்தில் அருவிக்கரையில் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு எழுத்தில் ஆதாரம் கிடையாது என்பது அவளுக்கே இந்த மே மாதம்தான் தெரியவந்தது.

பதினான்கு வருஷமாக அருவிக்கரையில் பெண்கள் உடைமாற்றும் அறையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். இலஞ்சியிலிருந்து காலை முதல் மினி பஸ்ஸில் வந்து, வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். குளிக்கப் போகிற பெண்கள் கழற்றிக் கொடுக்கிற சங்கிலி, வளையல், செல்போன், கைக்குழந்தை எல்லாம் அவள் மடியில் இருக்கும். புனலூர்க்காரி ஒருத்தி குழந்தையைக் கொடுத்துவிட்டு ஐந்தருவிக்கும் போய்க் குளித்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்தாள். குழந்தை திரும்பப் போக மாட்டேன் என்று அழுதது.

இந்த ஆண்டுதான் அந்தச் சட்டம் வந்தது. அதன் முழுப்பெயர் ‘பொது இடப் பாதுகாப்பு, சீர்திருத்தம் மற்றும் முன்னடத்தைச் சரிபார்ப்புச் சட்டம்’. மக்கள் கூடுகிற இடங்களில் வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் தாங்கள் இதுவரை எந்தத் தப்பும் செய்யவில்லை என்று முன்னடத்தைச் சான்று வாங்கி வைத்திருக்க வேண்டும். அறையைக் குத்தகைக்கு எடுத்திருந்த மகாராஜா அண்ணாச்சிக்கு அது தேவைப்படவில்லை. சட்டம் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான். தான் எந்த வேலையும் பார்ப்பதில்லை என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

“மைனி, சாரல் தொடங்குறதுக்குள்ள அந்தச் சான்ற வாங்கிருங்க. உங்களுக்கு என்ன, ஒரு நாள் வேலை” என்றார் அவர்.

தென்காசியில் இ-சேவை மையம் வைத்திருந்த ஹம்னா என்ற பெண் ஆதார் எண்ணைத் தட்டினாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

“அத்தை, மஞ்சள் காட்டுது.”

“மஞ்சள்னா நல்லதுதானம்மா?”

“இதுல பச்சைதான் நல்லது. குற்ற ஆவணத்துல உங்க பேரு இருக்காம். குற்ற எண் நூத்திப் பன்னிரண்டு. நிலை, முடிவுறவில்லைன்னு வருது.”

முப்பிடாதியம்மாள் திரைக்குக் கிட்டே குனிந்து அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகுதான் நினைவு வந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால், கொல்லத்திலிருந்து வந்த புதுப்பெண் ஒருத்தி அவளிடம் கொடுக்காமல் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போன சங்கிலியை ஒருத்தி எடுத்துக்கொண்டு ஓடினாள். முப்பிடாதியம்மாள் கார் நிறுத்துமிடம் வரை துரத்தினாள். பிடிக்க முடியவில்லை, முழங்கால் பெயர்ந்ததுதான் மிச்சம். கொல்லத்துக்காரர்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. “நீங்களே புகார் குடுத்துருங்கக்கா, உங்க பேரைப் போட்டுக்கிடுதேன்” என்றார் ஏட்டு ரவி. இவளும் கையெழுத்துப் போட்டாள். பத்து நாளில் திருடி பிடிபட்டாள், உமாதேவி என்று பெயர். ஜெயிலுக்குப் போனாள், சங்கிலி கொல்லத்துக்குப் போனது. அன்றைக்கு ஸ்டேஷனில் முப்பிடாதியம்மாளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அவள் நேரே ஸ்டேஷனுக்குப் போனாள். நல்ல வேளையாக ரவி அங்கேயே இருந்தார். மாற்றலாகிப் போய், திரும்பவும் மாற்றலாகி வந்திருந்தார்.

“எனக்கு நல்லா நினைவிருக்கேக்கா. முழங்கால்ல ரத்தத்தோட வந்து நின்னீங்கல்லா.”

“அப்ப அதை எழுதிக் குடுங்க தம்பி. புகார் குடுத்தவதான், திருடினவ இல்லைன்னு.”

ரவி சங்கடமாகச் சிரித்தார். “நினைவு இருக்கதை எழுதிக் குடுக்க முடியாதுக்கா. எழுதி இருக்கதைத்தான் எழுதிக் குடுக்க முடியும். அதுல உங்க பேரு இருக்குன்னு வேணா எழுதித் தாரேன்.”

அப்படியே எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அவள் முன்னடத்தைச் சரிபார்ப்பு மையத்துக்குப் போனாள்.

அந்த மையம் தென்காசியில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதிகாரி கைலாசத்தின் மேஜையை மணமேடையில் போட்டிருந்தார்கள். விண்ணப்பதாரர்கள் கீழே வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கைரேகை எடுக்கிற அறைக்கு மேல் ‘மணமகன் அறை’ என்ற பலகை அப்படியே இருந்தது. முப்பிடாதியம்மாளின் முறை வர மூன்றாவது நாள் ஆயிற்று.

கைலாசம் கோபப்படாத மனிதர். எதையும் விளக்கிச் சொல்வதில் அவருக்கு அலுப்பே கிடையாது.

“சட்டம் உங்களைச் சந்தேகப்படலைம்மா. சந்தேகப்படுறது மனுஷங்க வேலை. குற்ற ஆவணத்துல பேரு இருக்கா இல்லையான்னுதான் சட்டம் பார்க்கும். உங்க பேரு இருக்கு.”

“புகார் குடுத்தவன்னு போட்டிருக்கு சார்.”

“எந்தக் கட்டத்துல போட்டிருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதும்மா. குற்றம் நடந்த இடத்துல நீங்க இருந்தீங்களா?”

“இருந்தேன் சார்.”

“குற்றவாளி ஓடும்போது கூடவே ஓடுனீங்களா?”

“பின்னால ஓடினேன் சார், பிடிக்கதுக்கு.”

“ஓடினதை ஒத்துக்கிடுதீங்க” என்று அவர் குறித்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்தார். “இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. குற்றம் செஞ்சவங்க தண்டனையை முடிச்சதும் அவங்க பதிவு முடிவுற்றதுன்னு ஆயிரும். நீங்க எதையும் முடிக்கலையே. புகார் குடுத்ததோட நிக்கீங்க. அதான் நாலு வருஷமா முடிவுறவில்லைன்னு வருது.”

“இதுக்கு நான் என்ன செய்யணும் சார்?”

“காத்திருக்கணும்மா. பொதுப் பாதுகாப்புன்னா சும்மாவா? பொதுமக்கள்ட்ட இருந்து பொது இடத்தைப் பாதுகாக்கணும்லா.”

ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கியது. சான்று இல்லாமல் உட்காரக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். இருந்தாலும் முப்பிடாதியம்மாளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் குடையை எடுத்துக்கொண்டு அருவிக்கரைக்குப் போனாள். அவளுடைய ஸ்டூலில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் பச்சை அட்டை. பக்கத்தில் போனதும் இரண்டு பேருக்கும் முகம் தெரிந்துவிட்டது. உமாதேவி எழுந்து நின்றாள்.

“நான் கேட்டு வரலைக்கா. ஜெயில்ல இருந்து விடும்போதே திருந்தியவர்னு சான்று தந்துட்டாவ. சட்டத்துல எங்களுக்கு வேலை குடுக்கணும்னு இருக்காம். எந்த இடத்துலயாவது முன் அனுபவம் இருக்கான்னு கேட்டாவ. இந்த அறையைத் தெரியும்னு சொன்னேன். இங்கனயே போட்டுட்டாவ.”

முப்பிடாதியம்மாளுக்கு அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் உமாதேவி இளைத்துப் போயிருந்தாள். ஸ்டூலை இவள் பக்கம் தள்ளிவிட்டு, தான் படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளித்துவிட்டு வந்த ஒரு பெண் தன் வளையலை எந்த அக்காவிடம் கொடுத்தேன் என்று குழம்பினாள்.

“உங்க முழங்கால் இப்ப எப்படி இருக்குக்கா?” என்று கேட்டாள் உமாதேவி.

“மழைக்கு வலிக்கும்.”

முப்பிடாதியம்மாளின் கதையைக் கேட்டதும் உமாதேவிக்கு ஒரு யோசனை வந்தது. மஞ்சள் வந்தவர்களுக்குப் பச்சை அட்டை உள்ள ஒருவர் நன்னடத்தைப் பிணை கொடுக்கலாம் என்று அவளுக்கு ஜெயிலில் நடந்த திருந்தும் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இலஞ்சியில் முப்பிடாதியம்மாள் தெருவில் யாரிடமும் பச்சை அட்டை இல்லை. ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கே மஞ்சள்தான் வந்திருந்தது, சைக்கிள் காணோம் என்று புகார் கொடுத்தவர்.

“நான் போடுதேன்க்கா” என்றாள் உமாதேவி. “உங்களை மாதிரி ஒரு ஆளுக்கு நான் நல்ல பேரு வாங்கிக் குடுக்கணும்னு தலையெழுத்து.”

அடுத்த நாள் இரண்டு பேரும் மணமேடைக்கு முன்னால் போய் நின்றார்கள். சங்கிலியைத் திருடியவள், தன்னைத் துரத்தியவள் யோக்கியமானவள் என்று கையெழுத்திட்டாள். முப்பிடாதியம்மாள் நன்றி சொன்னாள். உண்மையாகவே நன்றியாகத்தான் இருந்தது. குமாஸ்தா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது.

கைலாசம் மேடையிலிருந்து இறங்கியே வந்து பார்த்தார். “விண்ணப்பதாரரும் பிணையாளரும் ஒரே குற்ற எண்ணுல வாறாங்க. நாலு வருஷம் கழிச்சும் தொடர்புல இருக்காங்க. கூட்டுத் தொடர்புன்னு காட்டுது.”

“இந்த அக்கா குடுத்த புகார்லதான் சார் என்னைப் பிடிச்சாவ” என்றாள் உமாதேவி.

“அப்ப உங்களுக்குள்ள ஏற்கெனவே பழக்கம் இருந்திருக்கு” என்றார் கைலாசம்.

உமாதேவியின் பச்சை அட்டையை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் திங்கள்கிழமைதோறும் காலையில் வந்து கையெழுத்திட வேண்டும், ஆனால் ஒருவரை ஒருவர் சந்திக்கக் கூடாது என்று உத்தரவானது. கையெழுத்து நோட்டு ஒன்றுதான் இருந்தது. ஆகையால் ஒருத்தி போடும்போது மற்றவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அருவிக்கரையில் அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். பெண்கள் ஈரத்துணியோடு குடைக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொண்டார்கள். அந்த அறையில் மூன்று வாரமாகத் திருட்டே நடக்கவில்லை என்று மையம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது.

நாலாவது திங்கள்கிழமை கைலாசமே அவளைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

“உங்களைப் பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கும்மா. சட்டத்துல ஒரு வழி இருக்கு. நீங்க நிரபராதிங்கிற வரைக்கும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது. நிரபராதிங்களுக்கு இதுல பிரிவே இல்லை. ஆனா திருந்தியவர்னு ஒரு பிரிவு இருக்கு. ஒரு சின்னக் குற்றத்தை ஒத்துக்கிட்டு, இங்க நடக்கிற விசாரணை முகாம்ல ஒரு எச்சரிக்கை வாங்கி, முப்பது நாள் வகுப்புக்கு வந்தா பச்சை வந்துரும். பழைய பதிவெல்லாம் தானா முடிஞ்சிரும். அந்தப் பொண்ணு அட்டையையும் விட்டுருவோம்.”

“நான் ஒண்ணும் செய்யலையே சார்.”

“செய்யாம யாரும்மா இருக்கா?” என்றார் அவர், மிகவும் கனிவாக. “மாவட்டத்துக்கு நூறு பேரைத் திருத்தணும்னு இலக்கு. அறுபத்தொரு பேருதான் திருந்தியிருக்காங்க. நீங்களும் கொஞ்சம் ஒத்துழைக்கணும்.”

இருபத்து மூன்று சிறு குற்றங்கள் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து, பிடித்ததை டிக் செய்து கொண்டுவரச் சொன்னார்.

வீட்டில் அவள் கணவர் தங்கசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை ஒவ்வொன்றாக வாசித்தார். தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்கிறவர் அவர். கல்யாணப் பத்திரிகை தவிர வேறு எதையும் இவ்வளவு கவனமாக வாசித்ததில்லை.

“பொது இடத்தில் எச்சில் துப்புதல். இதைப் போடுவமா?”

“சீ. அருவிக்கரையில நான் துப்பினேன்னு சொன்னா யாரு மூஞ்சியில முழிக்க?”

“குரங்குக்குத் தீனி போடுதல்?”

“அது என் சோத்தைத் தூக்கிட்டுப் போகும். நான் போட்டதில்லை.”

“அருவியில் சோப்பு, ஷாம்பூ பயன்படுத்துதல்.”

“நாந்தான எல்லார்ட்டயும் பிடுங்கி வைக்கவ!”

தங்கசாமி தாளைக் கீழே வைத்தார். “இவ்வளவு வருஷம் அங்கன இருந்திருக்க. ஒண்ணுகூடவா செய்யத் தோணலை உனக்கு?” என்றார். அவர் குரலில் இருந்தது கோபமா பெருமையா என்று அவளுக்குப் புரியவில்லை. அவளுக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது.

கடைசியில் பதினேழாவது குற்றத்தை எடுத்தார்கள். தடை நேரத்தில் அருவியில் குளித்தல். கேட்கவும் அசிங்கமாக இல்லை, யாருக்கும் நஷ்டமும் இல்லை. கடந்த ஓராண்டுக்குள் ஒரு தேதி போட வேண்டும் என்று இருந்ததால், போன ஆடி அமாவாசைக்கு மறுநாள் என்று போட்டாள். அன்றைக்கு வெள்ளம் வந்து அருவிக்கு முன்னால் இருக்கிற பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்ததும், மத்தியானம் வரை தடை இருந்ததும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

முகாமில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் அவள் வாக்குமூலத்தை உரக்க வாசித்தார். குளித்தது உண்மையா என்று கேட்டார். பதினான்கு வருஷத்தில் சாரல் காலத்தில் ஒரு நாள்கூட அருவியில் தலை நனைத்திராத முப்பிடாதியம்மாள், “ஆமா சார், குளிச்சேன்” என்றாள். சொல்லும்போது காது இரண்டும் சூடேறின.

“சரிபார்ப்புச் சட்டம்னு பேரை வச்சுக்கிட்டுச் சரிபார்க்காம விட முடியாது” என்றார் அவர். அருவிக்கரையில் இருக்கிற கேமராவின் அன்றையப் பதிவைப் போடச் சொன்னார்.

சங்கிலி போன அன்றைக்கு அந்தக் கேமரா வேலை செய்யவில்லை. ஆடி அமாவாசைக்கு மறுநாள் தெளிவாக வேலை செய்திருந்தது. காலை ஆறே முக்காலுக்கு முப்பிடாதியம்மாள் வந்து ஸ்டூலைப் போட்டாள். தடை முடியட்டும் என்று காத்திருந்த பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி ஒரு குழந்தையைக் கொடுத்தாள். இவள் அதை மடியில் போட்டு, துண்டால் போர்த்தி, ஒரு கையால் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள். அதிகாரிகள் வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள். மத்தியானம் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

தன்னை வெளியிலிருந்து அவள் பார்த்ததே இல்லை. இவ்வளவு நரைத்துவிட்டதா என்று நினைத்தாள். அந்தக் குழந்தை யாருடையது என்று யோசித்தாள், ஞாபகம் வரவில்லை. தான் அங்கே அப்படி உட்கார்ந்திருந்தது எவ்வளவு நன்றாக இருந்தது என்று தோன்றி, எல்லார் முன்னாலும் கண் கலங்கிவிட்டது.

“இந்தம்மா குளிக்கவே இல்லை” என்றார் நடுவில் இருந்தவர். “இவங்க மேல எந்தக் குற்றமும் கிடையாது. ஆவணப்பூர்வமா நிரூபணம் ஆயிட்டு.”

முப்பிடாதியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். “அப்ப அதை எழுதிக் குடுத்துருங்க சார், போதும்.”

“எப்படிக் குடுக்க? குற்றம் செய்யாமலே செஞ்சதா அரசு அதிகாரிகள் முன்னால பொய் வாக்குமூலம் குடுத்திருக்கீங்க. இது பட்டியல்ல இருக்க குற்றத்தை விடப் பெரிசு.”

ஓரமாக நின்றிருந்த கைலாசம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். “நானும் என்னடா சிக்கலாகுதேன்னு பார்த்தேன். இப்ப எல்லாம் சரியாப் போச்சும்மா. உங்க மேல உண்மையான குற்றமே ஒண்ணு கிடைச்சிருச்சு.”

அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். இந்த முறை அது நிஜம் என்பதால் காது சூடேறவில்லை. எச்சரித்து, வகுப்புக்கு அனுப்பினார்கள்.

முப்பது நாளும் மணமேடைக்கு எதிரே உட்கார்ந்து பாடம் கேட்டாள். உண்மை பேசுவதன் அவசியம் ஒரு வாரம். பிறர் பொருளைக் கண்டால் கை வைக்காமல் இருப்பது எப்படி என்பது இரண்டு வாரம். ஒரு நாள் பயிற்சியாளர் ஒரு கவரிங் சங்கிலியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து, அது அங்கேயே இருப்பதைப் பார்த்து, முப்பிடாதியம்மாளைப் பாராட்டிக் கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். அவளும் எதற்கென்று தெரியாமல் கொஞ்சம் தட்டினாள்.

நூறு பேர் திருந்தி முடித்ததும் விழா நடந்தது. தங்கசாமி வேட்டி கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நூறாவது ஆள் முப்பிடாதியம்மாள். அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கைலாசம் ஒலிபெருக்கியில் பேசினார்.

“இந்த அம்மாவைப் பாருங்க. பதினாலு வருஷம் எந்தச் சரிபார்ப்பும் இல்லாம மக்கள் நடுவுல நடமாடியிருக்காங்க. தாய்மார்கள் நகையை இவங்க கையில குடுத்திருக்காங்க. பெத்த பிள்ளையையே குடுத்திருக்காங்க. யாரை நம்பி? ஒரு சான்று உண்டா? நினைச்சாலே எனக்கு உடம்பு நடுங்குது. இன்னைக்கு இவங்க யாருன்னு அரசாங்கத்துக்குத் தெரியும். இவங்க என்ன தப்பு செஞ்சாங்கன்னு தெரியும். ஒருத்தர் செஞ்ச தப்பு தெரியாம அவரை எப்படி நம்புறது?”

பலத்த கைதட்டல். தங்கசாமி தட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் கடைசியில், சாரல் ஓய்கிற நேரத்தில், அறையைத் திறந்துவிட்டார்கள். உமாதேவிக்கும் அட்டை திரும்பக் கிடைத்தது, அவளைப் பழைய குற்றாலத்துக்கு மாற்றினார்கள். போகும்போது ஸ்டூலைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். முப்பிடாதியம்மாள் கழுத்தில் பச்சை அட்டையோடு உட்கார்ந்தாள். அதில் அவள் படம், பெயர், அதன் கீழே தூரத்திலிருந்தே தெரிகிற எழுத்தில் ‘திருந்தியவர்’. வேலை நேரத்தில் அதைக் கழற்றவோ முந்தானையால் மூடவோ கூடாது.

முதல் நாள் காலையிலிருந்து மடி காலியாகவே இருந்தது. பெண்கள் வந்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள், பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். சிலர் சங்கிலியோடே குளிக்கப் போனார்கள். மத்தியானம் ஆலங்குளத்திலிருந்து கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி செல்போனை நீட்டியவள், அட்டையை வாசித்துவிட்டுக் கையைப் பாதியில் நிறுத்தினாள். நல்ல பெண். முகத்துக்கு நேரே திரும்பிப் போக அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

“என்ன தப்பும்மா பண்ணுனீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

உண்மை பேச வேண்டும் என்று ஒரு வாரம் படித்திருந்தாள் முப்பிடாதியம்மாள்.

“பொய் சொல்லிட்டேன்மா.”

“என்ன பொய்?”

“தப்பு பண்ணுனேன்னு.”

அந்தப் பெண் அட்டையை இன்னொரு தடவை வாசித்தாள். புரிந்துகொள்ள முயன்றது முகத்தில் தெரிந்தது. பிறகு செல்போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, “வாரேன்மா” என்று சொல்லித் தோழிகள் பின்னால் ஓடினாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. முழங்கால் வலித்தது. முப்பிடாதியம்மாள் செல்போனை வாங்க நீட்டியிருந்த கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.